சிறையிலிருந்து வரும் தம்பிக்கு வீட்டார் செய்ய வேண்டியவை

குலசேகரம் பகுதியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் ஆறு ஆண்டுகளாகத் தண்டனை அனுபவித்துவரும் அவருடைய தம்பி அடுத்த மாதம் விடுதலையாகிறார். சிறைக்குப் போகும் முன் ரப்பர் மரப் பட்டையைக் கத்தியால் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுத் தொழில் செய்தவர். அவருக்கு எங்கே வேலை கேட்பது, ஊராரிடம் என்ன சொல்வது, வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பவை இவருடைய கேள்விகள்.

முதலில் விடுதலை நாளை உறுதி செய்துகொள்ளுங்கள். தீர்ப்பில் விதித்த அபராதம் கட்டப்படாமல் இருந்தால், அதற்கு ஈடான கூடுதல் சிறைவாசத்தையும் முடித்த பிறகே அவர் வெளியே வர முடியும். வேறு வழக்கு ஏதேனும் நிலுவையில் இருந்தாலும் விடுதலை தள்ளிப்போகலாம். எனவே அடுத்த முறை மனுப் போட்டு அவரைச் சிறையில் பார்க்கப் போகும்போதே சிறை நல அலுவலரைச் சந்தித்து இவ்விரண்டையும் கேட்டுவிடுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். சிறையில் இருப்பவருக்கும், பெண் என்ற முறையில் உங்களுக்கும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தருகிறது. 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

விடுதலைச் சான்றைப் பல நகல்கள் எடுத்து வையுங்கள். குடும்ப அட்டையில் அவர் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். ஆதாரோடு வங்கிக்கு நேரில் போனால் மீட்டுவிடலாம். தண்டனை முடிந்தவருக்கு வாக்குரிமையும் உண்டு என்பதை அவரிடம் சொல்லுங்கள். பலர் அது போய்விட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேலையைப் பொறுத்தவரை, பழைய தொழிலுக்குத் திரும்புவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் ஆறு ஆண்டுகள் கத்தி பிடிக்காத கை பழைய கை அல்ல. வெட்டு சற்றே ஆழமாகிப் பட்டைக்கு உள்ளே காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை சீராக வளராது என்பதால், நல்ல மரங்களை உடனே அவரிடம் ஒப்படைக்கத் தோட்டக்காரர் தயங்குவார். அந்தத் தயக்கத்தைச் சிறைக்குப் போனதற்கான அவமதிப்பாக உங்கள் தம்பி எடுத்துக்கொள்ளக் கூடும். வெட்டி மாற்றப்போகும் பழைய மரங்களில் இரண்டு வாரம் பழக வாய்ப்புத் தருமாறு, அவரை முன்பே அறிந்த ஒருவரிடம் இப்போதே நீங்கள் பேசி வையுங்கள். சிறைக்குப் போனதை மறைத்து வேலை கேட்க வேண்டாம். இரு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மழை நாள்களிலும் இலை உதிரும் காலத்திலும் வெட்டு நின்றுபோகும். அந்த நாள்களுக்கு வேறொரு கைத்தொழிலையும் அவர் யோசித்து வைப்பது நல்லது.

வீட்டு விஷயத்தில்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். எழுவதும் உண்பதும் உறங்குவதும் பிறர் குறித்த நேரத்திலேயே நடந்த ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, என்ன சட்டை எடுப்பது என்பதுகூட அவரைத் திணறச் செய்யலாம். அதைச் சோம்பலாகவோ பிடிவாதமாகவோ எண்ணிவிடாதீர்கள். எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று ஒவ்வொரு முறையும் கேட்டால் வீடும் காவலாகிவிடும். அழைத்து வர நீங்களும் இன்னொருவரும் மட்டும் போங்கள். உறவினர் கூட்டம் சில நாள் பொறுக்கட்டும். முதல் மூன்று மாதங்களில் ஏதாவது தவறிப்போனால் பயமில்லாமல் வந்து சொல்ல ஒரு ஆள் அவருக்கு வேண்டும். அது நீங்களாகவோ மாமாவாகவோ இருக்கலாம். முன்பு மதுப் பழக்கம் இருந்திருந்தால், இடைவெளிக்குப் பின் பழைய அளவை உடல் தாங்காது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உறக்கமின்மையோ மனச்சோர்வோ நீடித்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஊராருக்கு விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. "தண்டனை முடிந்து வந்திருக்கிறான், வேலைக்குப் போகிறான்" என்பது போதும். ஆனால் பாதிக்கப்பட்ட குடும்பம் அதே ஊரில் இருந்தால், மன்னிப்புக் கேட்பதற்காகக்கூட அவர் தாமாக அங்கே போகக் கூடாது. அவர்களுடைய அச்சத்தை நாம் மதிக்க வேண்டும். அவர்களே விரும்பினால் மட்டும், இரு தரப்பும் நம்பும் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசலாம். அதுவரை அவர் வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் தங்கி வேலைக்குப் போகலாம். ஆனால் எங்கே தங்குவது என்பதை அவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.