ஒரு ஏக்கரும் இரண்டு சென்ட்டும்

வணக்கம் ஐயா,

பெங்களூரின் பழைய ஏரிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் உங்கள் தளத்துக்கு வந்தேன். இப்போது எழுதுவது ஒரு சொந்தக் குழப்பத்தைப் பற்றி. 14 வருஷம் மாரத்தஹள்ளியில் அடுக்குமாடியில் இருந்தோம். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் தமிழ்நாட்டு எல்லைக்குள், ஓசூர் அருகே தளி பக்கம் ஒரு ஏக்கர் வாங்கி வீடு கட்டினேன். இரண்டு வருஷமாகக் குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறோம், சனி ஞாயிறுக்கு மட்டும் வந்துபோகிற ஆள் இல்லை. நிலத்துக்காரர் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். மூன்று பேருக்கு வேலை கொடுத்திருக்கிறேன். என்னால்தான் எங்கள் தெருவுக்கு ஃபைபர் இணைப்பே வந்தது.

போன மாதம் என் தோட்டத்தில் வேலை செய்கிறவர் தன் மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்தார். பையனைத் தனிக்குடித்தனம் வைக்க ஊரில் இரண்டு சென்ட் இடம் தேடி அலைந்தார். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "எல்லாம் நீங்க வந்த யோகம் சார்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வேலி போட்டபோதும் ஒரு பாதை விஷயமாக மனஸ்தாபம். பத்திரத்திலும் புல வரைபடத்திலும் அப்படி ஒரு பாதையே கிடையாது. இன்னமும் என்னைப் 'பெங்களூர்க்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். விருந்தாளிகளுக்காகப் பின்பக்கம் கட்டிய சின்ன வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கலாம் என்றிருந்தேன், இப்போது அதற்கும் மனசு வரவில்லை. நான் என்னதான் தப்பு செய்தேன்?

கே.

*

அன்புள்ள கே.,

தப்பு என்ற சொல்லை முதலில் ஓரமாக வையுங்கள். "பேரம் பேசாமல் கொடுத்தேன்" என்று கொஞ்சம் பெருமையோடு எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்து ஆரம்பிப்போம். ஒரு ஊரில் விலையை ஏற்றிவிடுவது பேரம் பேசாதவர்தான். நீங்கள் கொடுத்த தொகை அன்று சாயங்காலமே டீக்கடைக்கு வந்திருக்கும், மறுநாள் காலையிலிருந்து சுற்றுவட்டாரத்தில் நிலம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தன் கொல்லையை (அந்தப் பக்கம் மானாவாரி நிலத்தை அப்படித்தான் சொல்வார்கள்) உங்கள் கணக்கில் பெருக்கிப் பார்த்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழையை நம்பி ராகியும் அவரையும் போட்டு, அதில் பாதியை யானைக்கும் பன்றிக்கும் கொடுத்துவிட்டு, மகள் கல்யாணக் கடனோடு உட்கார்ந்திருக்கிறவருக்கு அப்படி ஒரு விலை வந்தால் சாமியே வந்து கதவைத் தட்டின மாதிரி.

ஆனால் உங்கள் தோட்டக்காரர் தேடியது வெறும் இரண்டு சென்ட். நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரிவதில்லை, எனக்கும் வெகுகாலம் புரியவில்லை. அந்தப் பக்கத்துச் சின்ன ஊர்களில் வாடகை வீடு என்ற வழக்கமே சமீபம்வரை அபூர்வம். நத்தத்தில், அதாவது ஊரின் குடியிருப்பு நிலத்தில், அப்பா கட்டிய வீடு இருக்கும். அண்ணனுக்குக் கல்யாணம் ஆனால் அதை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்குவார்கள், தம்பிக்கும் ஆகிவிட்டால் இடம் போதாது, அப்போது ஊர் ஓரமாகக் கொல்லை வைத்திருக்கிற யாரிடமாவது போய் நிற்பார்கள். தலைமுறையாக வேலைக்கு வந்த குடும்பம், தெரிந்த முகம், "சரி, அந்த மூலையில ரெண்டு சென்ட் எடுத்துக்கோ, அறுப்புக்கு அறுப்பு கொடுத்துக் கழி" என்று முடியும். இதில் தர்மமும் உண்டு, ஆளைக் காலம் முழுக்கத் தன் கொல்லையிலேயே கட்டிப்போடும் தந்திரமும் உண்டு, அந்தக் காலத்தை நான் கும்பிடச் சொல்லவில்லை. ஆனாலும் வீடு அப்படித்தான் கிடைத்தது. இன்றைக்கு அந்த மூலை, அடுத்து வரப்போகும் பெங்களூர்க்காரருக்காகக் காத்திருக்கும் ஏக்கரின் மூலை. அதை வெட்டிக் கொடுத்தால் மொத்த நிலத்துக்கும் விலை கெடும் என்று யாரும் தொட விடமாட்டார்கள்.

சர்க்கார் வீடு கொடுக்கிறதே என்பீர்கள். கொடுக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் என்று 2024-25இல் தொடங்கிய திட்டத்தில், குடிசையில் இருப்பவர்கள் 360 சதுர அடியில் கான்கிரீட் வீடு கட்டிக்கொள்ள 3.5 லட்சம் ரூபாய். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி சொச்சம், ஆக அரசு பணம் தரும் வீடு ஒரு சென்ட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் இடம் அவருடையதாக இருக்க வேண்டும், பட்டா காட்ட வேண்டும். கூரைக்குப் பணம் இருக்கிறது, கூரை போட மண் இல்லை. உங்கள் ஏக்கரில் 100 சென்ட் என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும், குத்திக்காட்ட அல்ல.

என்னால் ஊருக்கு நல்லதா கெட்டதா என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. எந்த ஊருக்கு? விற்க நிலம் இருந்தவர்களின் ஊருக்கு நீங்கள் வந்தது நல்லது. நிலமே இல்லாதவர்களின் ஊருக்கு, வீட்டு மனை போயிற்று, களை எடுக்கும் கூலி நாட்கள் குறைந்தன, அறுத்த கொல்லையில் ஆடு மேய்க்கிற உரிமை போயிற்று. இரண்டு ஊரும் ஒரே டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கும் (ஒரே கிளாஸிலா என்பது வேறு கதை). முதல் ஊர்க்காரர் பத்திரம் முடிக்க வந்தபோது உங்களோடு கை குலுக்கினார், இரண்டாவது ஊர்க்காரரை நீங்கள் தோட்ட வேலைக்கு வைத்துக்கொண்டீர்கள். மூன்று பேருக்கு வேலை கொடுத்தேன் என்கிறீர்கள், சந்தோஷம், அதில் எத்தனை பேர் இதே நிலத்தில் முன்பு வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, ராகி போட்டவர்கள் என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டுப்பாருங்கள்.

நீங்கள் ஏன் தளியில் போய் இறங்கினீர்கள் என்பதிலும் ஒரு கதை உண்டு. கர்நாடகத்தின் 1961 நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் 79ஏ, 79பி என்று இரண்டு பிரிவுகள், விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்குவதைத் தடுத்து வைத்திருந்தன. விவசாயம் அல்லாத வெளி வருமானத்துக்கு ஆண்டுக்கு 2 லட்சம் என்றிருந்த வரம்பை 2015இல்தான் 25 லட்சமாக்கினார்கள். தமிழ்நாட்டில் அப்படித் தடை கிடையாது. பெங்களூர் ஐடி பணம் அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி என்று இறங்கியதற்குக் குளிர்ந்த காற்று மட்டும் காரணமில்லை. 2020இல் எடியூரப்பா அரசு அந்தப் பிரிவுகளையே எடுத்துவிட்டது. இப்போது ஆனேக்கல், கனகபுரா பக்கம் போனால் திரும்பின இடமெல்லாம் 'மேனேஜ்டு ஃபார்ம்லேண்ட்' போர்டு, 10 குண்டா அதாவது கால் ஏக்கர், மரத்தைக் கம்பெனியே நட்டுப் பார்த்துக்கொள்ளும், வாங்குகிறவர் மண்ணைத் தொடக்கூட வேண்டாம். தடை இருந்தபோது மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்றும் சொல்ல முடியாது. தாத்தா பெயரில் எங்கேயோ ஒரு பஹணியை (அங்கத்திய நில ஆவணம்) தேடிப்பிடித்து விவசாயியாகி வாங்கியவர்களை எனக்கே தெரியும்.

பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளி பக்கம் 13 கிராமங்களில் 1,777 ஏக்கரைத் தொழிற்பேட்டைக்கு எடுக்கக் கிளம்பினார்கள், ஜனங்கள் மூன்று வருஷத்துக்கு மேல் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், 2025 ஜூலையில் அரசு பின்வாங்கியது. அங்கே எதிரில் ஒரு அரசாங்கம் இருந்தது, திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தது. ஒவ்வொரு ஏக்கராக, சம்மதத்தோடு, நல்ல விலைக்குப் போகும் ஊரில் யாருக்கு எதிராகப் பந்தல் போடுவது? அதனால்தான் உங்கள் தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நானும் யோக்கியன் இல்லை. அப்பா 1968இல் தூரவாணி நகரில் தொலைபேசி செய்யும் ஐடிஐ தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து பெங்களூர் கே.ஆர்.புரத்துக்கு வந்தவர். அப்போது அது ஊர்தான், கோழி மேயும் தெரு, சந்தை நாளில் மாட்டு வண்டிகள். ஒரு கௌடர் வீட்டின் பின்கட்டில் 15 வருஷம் வாடகைக்கு இருந்தோம். அவர்கள் எருமைப் பால்தான் எங்களுக்கு, அவரைக்காய் சீசனில் இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து கொட்டை உரிப்பார்கள், அம்மா அங்கேதான் கன்னடம் கற்றுக்கொண்டாள். 1983இல் கௌடர் தன் ராகி நிலத்தில் கோடு கிழித்து சைட்டுகளாக விற்றபோது அப்பா 30க்கு 40 அடி மனை ஒன்று வாங்கினார். அந்த நிலத்தை வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. தேவராஜ் அர்ஸ் கர்நாடக முதல்வராக இருந்த காலத்தில், 1974 திருத்தத்தோடு, குத்தகை என்பதே காகிதத்தில் ஒழிந்துவிட்டது. உழுகிறவனுக்கே நிலம் என்று கொண்டுவந்த சட்டம்தான், நிறையப் பேருக்குக் கிடைக்கவும் செய்தது. வாய்ப்பேச்சில் உழுதவர்கள் மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லாமல் போனார்கள். எங்கள் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது மண் சுமக்க வந்த பெண்களில் அவர் மனைவியும் இருந்தார் என்று அம்மா பிற்பாடு ஒருநாள், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குப் போனால் அந்த வீட்டுக்கு எதிரிலும் பி.ஜி. விடுதி, பக்கத்திலும் பி.ஜி. விடுதி. கௌடரின் பேரன்கள் மூன்று கட்டடத்துக்கு வாடகை வாங்கிக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். மண் சுமந்தவரின் பேரன்களைப் பற்றி விசாரித்தேன். ஒசக்கோட்டே தாண்டி எங்கேயோ என்றார்கள்.

பின்கட்டில் குடியிருந்த 15 வருஷமும் எங்களால் அந்த ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

இப்போது உங்கள் பாதை. பத்திரத்தில் இல்லை, வரைபடத்தில் இல்லை என்கிறீர்கள், ஊரில் பாதி நடமாட்டம் வரைபடத்தில் இல்லாத தடத்தில்தான் நடக்கிறது. 1882 வசதியுரிமைச் சட்டப்படி 20 வருஷம் தடையில்லாமல், எல்லாருக்கும் தெரிய, உரிமையாக ஒரு வழியை அனுபவித்து வந்திருந்தால் அதைக் கோரலாம், வக்கீலைக் கேட்டால் சொல்வார். ஆனால் அவர்கள் கோர்ட்டுக்கு வரப்போவதில்லை, உங்கள் வேலியைச் சுற்றிக்கொண்டு போவார்கள், போகும்போதெல்லாம் பெங்களூர்க்காரர் என்பார்கள். யானைக்காகத்தான் வேலி என்றால் அதையும் கொஞ்சம் யோசியுங்கள். ராகி கதிர் பிடிக்கிற பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் இறங்குவது வருஷா வருஷம் நடப்பது. உங்கள் சோலார் வேலி அந்தக் கூட்டத்தைக் காட்டுக்குத் திருப்பி அனுப்புவதில்லை, வேலி போடக் காசில்லாத பக்கத்துக் கொல்லைக்கு அனுப்புகிறது.

வேல்ஸ் நாட்டிலும் இதே புலம்பல்தான், கடலோர ஊர்களில் பாதி வீட்டுக்கு வெளியூர்க்காரர் பூட்டு, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு இல்லை என்று. 2023 ஏப்ரலிலிருந்து அங்கே இரண்டாவது வீடு வைத்திருப்பவரிடம் வழக்கமான வரிக்கு மேல் 300 சதவீதம்வரை கூடுதலாக வசூலிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் ஊராட்சி வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், சிரிப்பு வரும். நீங்கள் அங்கேயே குடியிருக்கிறீர்கள், பூட்டிப்போட்டுவிட்டுப் போகிறவர் இல்லை, அது உங்கள் பக்கம் உள்ள பெரிய விஷயம். பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 30 வருஷம் கழித்தும் எங்கள் அப்பா அங்கே 'தமிளரு'தான், அவருக்கு அது உறுத்தியதே இல்லை.

என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் நிலத்தில் இரண்டு சென்ட் பிரித்து எழுதிக் கொடுத்துவிடலாமே என்று உணர்ச்சிவசப்பட்டுக் கிளம்பாதீர்கள். 2016இல் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு தமிழ்நாட்டில் அங்கீகாரமில்லாத மனையைப் பதிவது பெரிய சிக்கல், பதிவாகாத மூலையைக் கையில் கொடுப்பது பழைய கொல்லைக்காரர்கள் செய்த வேலைதான். அந்தப் பின்பக்கத்து வீடு இருக்கிறதல்லவா, அதைக் கல்யாணப் பையனுக்கு வாடகைக்கு விடுங்கள், கௌடர் பின்கட்டில் நாங்கள் இருந்த மாதிரி. சும்மா விடாதீர்கள், சும்மா இருந்தால் நாளைக்கு அவன் உங்களிடம் கூலி கூடக் கேட்க மாட்டான். அவனால் கொடுக்கக்கூடிய வாடகை, எழுத்தில் ஒப்பந்தம், அப்பாவின் வேலைக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு பேருக்கும் தெளிவாக இருக்கட்டும். ஹோம்ஸ்டேயை விட வருமானம் குறைவுதான். ஆனால் ஹோம்ஸ்டேக்கு வரும் உங்கள் பழைய ஆபீஸ் நண்பர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது கேட்கப்போகும் முதல் கேள்வி என்ன தெரியுமா, "இங்க ஏக்கர் என்ன போகுது?"

அது நிதானமாக நடக்கட்டும், மனைவியிடமும் பேசுங்கள். வேலி விஷயம் அவசரம். கார்த்திகை பிறந்தால் ராகி அறுப்பு. அதற்குள் பாதை இருந்த இடத்தில் கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு கேட் வையுங்கள், வண்டி நுழைகிற அகலத்துக்கு. பூட்டு வேண்டாம், கொண்டி போதும்.

அன்புடன்.