மரச்சீனி மாவுத் தண்ணீரில் ஹைட்ரஜன் எடுக்கலாமா?

வாசகர் கேள்வி: திருவட்டாறு பக்கம் சின்ன அளவில் மரச்சீனி சிப்ஸ் போடுகிறேன். சீவிய கிழங்கைக் கழுவும் வெள்ளைத் தண்ணீர் தினமும் 500 லிட்டர் வரும். வீட்டில் தினமும் 2 கன மீட்டர் வாயு தரும் கோபர் கேஸ் கலன் இருக்கிறது. பசுமை ஹைட்ரஜன் பற்றி அடிக்கடி செய்தி வருகிறதே, இதே கலனில் மீத்தேனுக்குப் பதிலாக ஹைட்ரஜன் எடுத்து வறுக்கும் அடுப்பை எரிக்க முடியுமா?

பதில்: மாவுத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க முடியும். ஆனால் உங்கள் கலனை அதற்காக மாற்ற வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

உங்கள் கலனுக்குள் இப்போதும் ஹைட்ரஜன் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. சாணத்தில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியாக்கள் மாவையும் சர்க்கரையையும் உடைத்து அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்களாக்குகின்றன. அப்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வெளிவரும். கூடவே வாழும் மீத்தேன் நுண்ணுயிர்கள் (மீத்தேனை உண்டாக்குபவை) அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் தின்று மீத்தேனாக்கிவிடுகின்றன. அமிலங்களும் கடைசியில் மீத்தேனாகிவிடும். அடுப்புக்கு வருவது அதுதான்.

ஹைட்ரஜன் தனியாக வேண்டுமென்றால் இந்த மீத்தேன் கூட்டத்தை ஒழிக்க வேண்டும். ஆய்வகங்களில் கலன் கரைசலை அரை மணி நேரமாவது கொதிக்க வைப்பார்கள். கிளாஸ்ட்ரிடியம் சூட்டைத் தாங்கும் வித்துகளாக மாறித் தப்பிவிடும். வித்து உருவாக்கத் தெரியாத மீத்தேன் நுண்ணுயிர்கள் சாகும். பிறகு அமிலத்தன்மையை பிஹெச் 5.5 அளவில் (7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு) நிறுத்தி, 35 டிகிரிச் சூட்டில் வைத்து, கரைசலை ஒரு நாளுக்குள் வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் லாக்டிக் பாக்டீரியா நுழைந்து தயிர் மாதிரி புளிக்க வைத்துவிடும். அப்புறம் ஹைட்ரஜன் பேருக்குத்தான் வரும்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது எவ்வளவு? ஒரு மூலக்கூறு குளுக்கோஸிலிருந்து இந்த வழியில் அதிகபட்சம் 4 மூலக்கூறு ஹைட்ரஜன்தான் வரமுடியும். நடைமுறையில் 2 கிடைத்தாலே நல்ல ஓட்டம். உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 10 கிராம் மாவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தினமும் 5 கிலோ மாவு. அதிலிருந்து சுமார் ஒன்றரை கன மீட்டர் ஹைட்ரஜன், அதாவது 350 கிராம் சமையல் கேஸுக்கு ஈடான சூடு. அதே மாவு மீத்தேனாக மாறினால் 1.3 கிலோ சமையல் கேஸுக்கு ஈடு. ஹைட்ரஜன் வழியில் மீதிச் சக்தி அழிந்துவிடுவதில்லை. அமிலங்களாகத் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. அதை அப்படியே ஓடையில் விட்டால் மீன் சாகும்.

அடுப்பு விஷயம் இன்னும் முக்கியம். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் தீப்பிடிக்கும். ஹைட்ரஜனுக்கு அந்த எல்லை 4 முதல் 75 வரை. கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொறி போதும். சுடரும் பகலில் தெரியாது. மீத்தேனுக்குச் செய்த பர்னரில் விட்டால் சுடர் குழாய்க்குள்ளேயே திரும்பி ஓடும். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் இதைச் செய்து பார்க்கவே கூடாது.

ஆராய்ச்சியில் இருப்பவர்கள் இதை இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். முதல் தொட்டியில் ஹைட்ரஜன். அங்கே மிஞ்சும் அமிலக் கரைசல் இரண்டாவது தொட்டிக்குப் போய் மீத்தேனாகும். பெரிய ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்கு இது பொருந்தலாம். வாயுவை அளக்கும் கருவியும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் அங்கே இருப்பார்கள். உங்களுக்கு ஆர்வம் இருந்தால் மாவட்டத்திலுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றின் உயிர்தொழில்நுட்பத் துறைக்கு ஒரு கேன் மாவுத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கேளுங்கள். மாணவர்களுக்கு அருமையான புராஜெக்ட்.

சரி, நாளைக்கே செய்யக்கூடியது என்ன? 500 லிட்டரையும் கலனில் ஊற்றாதீர்கள். 2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் சாணமும் தண்ணீருமாக 100 லிட்டர்தான் கணக்கு. அது உள்ளே 40 நாள் தங்கும். 500 லிட்டர் விட்டால் எட்டே நாளில் எல்லாம் வெளியே வந்துவிடும். மீத்தேன் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் பெருகும் என்பதால் அவையும் அடித்துக்கொண்டு போய்விடும். கழுவிய தண்ணீரை மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். தெளிந்த நீரை அன்றைக்கு வரும் கிழங்கின் மண் கழுவ எடுத்துக்கொள்ளலாம். அடியில் படிந்த மாவை மட்டும் கலனுக்குக் கொடுங்கள்.

முதல் வாரம் தினமும் அரை கிலோ மாவு, பிறகு மெல்ல மெல்ல 2 கிலோ வரை. சாணத்தை நிறுத்தக் கூடாது. மாவில் நைட்ரஜன் சத்து கிடையாது, புளிப்பைத் தாங்குவதும் சாணம்தான். மரச்சீனித் தோலில் சயனைடு உண்டு. நறுக்கி ஒரு நாள் திறந்த வெளியில் காற்றாட விட்டு, அப்புறம் கொஞ்சமாகச் சேருங்கள். வறுத்த எண்ணெய்க் கழிவு வேண்டாம், மேலே ஆடையாகப் படியும்.

நம் ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டல்லவா, ஆனி ஆடிச் சாரலில் கலன் குளிர்ந்து வாயு குறையும். அந்த மாதங்களில் மாவைப் பாதியாக்குங்கள். சுடர் மங்கி, வெளிவரும் கரைசலில் புளித்த நெடி அடித்தால் மாவை உடனே நிறுத்தி, பிஹெச் தாளில் 7 காட்டும் வரை சாணம் மட்டும் போடுங்கள்.