அட்டை பிடித்தால் இதழையும் வையுங்கள்: பழைய இதழ் சேகரிப்பு, கேள்வி பதில்

ஓவிய அட்டைகளுக்காகத்தான் வாங்குகிறேன், ஐயா. அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் போட்டுவிடலாமா?

வேண்டாம் அம்மா. அட்டையை வரைந்தவர் பெயர் பல இதழ்களில் பொருளடக்கப் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில்தான் இருக்கும். 1916 முதல் 1963 வரை ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ என்ற அமெரிக்க இதழுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் வரைந்த நார்மன் ராக்வெல்லை யாரும் அடையாளம் காண்பார்கள். ஓரத்தில் இரண்டெழுத்து கிறுக்கிவிட்டுப் போன ஓவியரை அந்தப் பக்கம் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? சுவரில் மாட்ட ஆசையென்றால் நகலெடுத்து மாட்டுங்கள். வெளிச்சம் பட்டால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறி, படம் நீலம் பாரித்துவிடும்.

‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைப் பத்திரிகையின் முதல் இதழ் விலைக்கு வந்திருக்கிறது. அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

1926 ஏப்ரல் இதழ், பிராங்க் ஆர். பால் வரைந்த அட்டை. வானில் சனிக் கோள், கீழே பனியில் சறுக்கும் மனிதர்கள். படம் சரியாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், மறுபதிப்பிலும் அதே படம்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை உள்பக்கக் கதையின் எழுத்துகள் மீது வையுங்கள். அச்சுக் கோத்து அடித்த பழைய எழுத்து முழுக் கறுப்பாக, விளிம்பு தெளிவாக இருக்கும்; தாளின் பின்புறம் விரலால் தடவினால் சில இடங்களில் அழுத்தமும் தட்டுப்படும். படமெடுத்து அச்சிட்ட நகலில் எழுத்தே புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரியும். அடுத்து, தாளின் ஓரம். மலிவான மரக்கூழ்த் தாள் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பழுப்பேறும். பக்கம் முழுதும் ஒரே சீரான பழுப்பென்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

கிழிந்த அட்டையை செல்லோ டேப் போட்டு ஒட்டலாமா?

நான் ஒட்டியிருக்கிறேன், என் முதல் பத்து இதழ்களில். சில வருடங்களில் டேப் உரிந்து விழுந்தது. பசை மட்டும் தாளுக்குள் இறங்கி, தேன் சிந்தியது போல் ஒரு பட்டையாக நின்றுவிட்டது. இன்றும் அது போகவில்லை. கிழிசலை அப்படியே விட்டு, பாலியெஸ்டர் உறையில் போட்டு, இதழுக்குப் பின்னால் தாங்கலாக அமிலமற்ற கெட்டி அட்டை ஒன்று வையுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை மட்டும் கூடாது. லாமினேஷன் என்ற பேச்சே வேண்டாம்.

தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி வராமல் தடுப்பது எப்படி?

ஈரம்தான் அதற்கு அழைப்பு. சுவரை ஒட்டிய அலமாரியையும் தரையில் வைத்த பெட்டியையும் தவிருங்கள். புதிதாக வாங்கியதைச் சில வாரங்கள் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.

ஒரு வருட இதழ்களை பைண்டு செய்த தொகுதி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா, சார்?

படிக்க என்றால் தாராளமாக. அட்டைக்கு என்றால் முதலில் திறந்து பாருங்கள். பைண்டு செய்பவர்கள் பலர் அட்டைகளைக் கழற்றிவிட்டு, ஓரங்களையும் வெட்டிவிடுவார்கள். ஓவியரின் கையெழுத்து அந்த ஓரத்தோடு போயிருக்கும்.