பிரைம் லென்ஸை வச்சுக்கவா, வித்துறவா? கேள்வி பதில்

இன்னைக்குப் பேச்சு பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் ஆகாத லென்ஸ் மட்டும்: 35, 50, 85 மில்லிமீட்டர். இந்த எண் கூடக் கூட ஃபிரேம்ல அடங்குறது குறையும். எஃப் 1.8 மாதிரி எண்ணு லென்ஸ் எவ்வளவு திறக்கும்னு சொல்றது, எண்ணு சின்னதா இருந்தா வெளிச்சம் கூட. எந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கலாம், டிரோன், எடிட்டிங் எல்லாம் வேற நாளைக்கு. கேக்குறவங்க பாடி, லென்ஸ், எங்க நின்னு எடுக்குறீங்க, இந்த மூணையும் எழுதுங்க.

செல்லூர்: அண்ணே, நிக்கான் டி5600, 50 எஃப் 1.8 ஜி. காதுகுத்து, வளைகாப்புன்னு வீட்டு விசேஷம்தான் எடுக்குறேன். லென்ஸ் பாதி நேரம் பைக்குள்ளயே கிடக்கு. வித்துறவா?

பதில்: தம்பி, லென்ஸை விடுங்க. முதல்ல டேப் வச்சு ஹாலை அளங்க. உங்க சென்சார் (உள்ள படம் பதியுற சில்லு) அகலம் 23.5 மில்லிமீட்டர். அதை 50ஆல வகுத்தா 0.47. அதாவது ஒரு மீட்டர் தள்ளி நின்னா ஃபிரேமோட நீளப் பக்கத்துல 47 சென்டிமீட்டர்தான் அடங்கும். நிக்கிற ஆளைத் தலை முதல் கால் வரை, மேலயும் கீழயும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 2 மீட்டர் அடங்கணும். கேமராவை நெட்டுக்குப் பிடிச்சாலும் 4.3 மீட்டர், அதாவது 14 அடி பின்னாடி போகணும். நம்ம வீட்டு ஹால் பத்துக்குப் பன்னெண்டு. அங்கிட்டுப் போனா பீரோ, இங்கிட்டு வந்தா டிவி. இதே ஆளுக்கு 35ல 10 அடி போதும். பத்துப் பேர் வரிசை 5 மீட்டர்னு வச்சுக்கிட்டா 50க்கு 35 அடி, 35க்கு 25 அடி.

அப்ப 50 எதுக்கு? தாய்மாமன் மடியில பிள்ளை, ஆசாரி கையில ஊசி, அழுகை வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடி அந்த உதடு பிதுங்குது பாருங்க, அந்த முகத்துக்கு. நாலஞ்சு அடி தூரம். அங்க 50ஐ அடிச்சுக்க ஆளில்லை.

இது ரெண்டுல உங்களுக்கு எது அதிகம்னு ஊகிக்க வேணாம். கேமராவோட வந்த கிட் ஜூம்ல எடுத்த பழைய படங்களைக் கம்ப்யூட்டர்ல போட்டு எக்சிஃப் விவரத்துல (படத்தோடயே பதியுற குறிப்பு) ஃபோக்கல் லெங்த்தை, அதாவது எத்தனை மில்லிமீட்டர்ல எடுத்தீங்கன்னு பாருங்க. 18ல இருந்து 24க்குள்ளயே குவிஞ்சு கிடந்தா 50 பைக்குள்ளதான் தூங்கும். சந்தேகம் தீரலைன்னா ஜூம் வளையத்தை 50ல நிறுத்தி டேப் ஒட்டிட்டு ஒரு விசேஷம் முழுக்க எடுங்க. அடுத்த விசேஷம் 35ல. எதுல டேப்பைப் பிச்சு எறியத் தோணுதோ அது உங்க லென்ஸ் இல்லை.

திருமங்கலம்: கேனான் 1500டி, 50 எஸ்.டி.எம். எஃப் 1.8ல எடுத்தா எல்லாமே மங்கல். பீஸே கோளாறா சார்? விக்கலாம்னு இருக்கேன்.

பதில்: விக்காதீங்க, முதல்ல சோதிங்க. எஃப் 1.8ல 2 மீட்டர் தூரத்துல இருக்குற ஆளுக்குத் தெளிவா விழுற ஆழம் சுமார் 11 சென்டிமீட்டர். 1 மீட்டருக்கு வந்தா 3 சென்டிமீட்டர்கூட இல்லை. கண்ணு கூர்மையா இருந்தா காது கரைஞ்சிரும். ஃபோக்கஸ் பண்ணிட்டு நீங்க லேசா முன்னாடி சாஞ்சாலே போச்சு.

ஒரு பேப்பரை 45 டிகிரி சாய்வா வச்சு, நடுவுல ஒரு வரியைப் பேனாவால அடிக்கோடு போடுங்க. ட்ரைபாட், 2 நொடி டைமர், எஃப் 1.8, நடு ஃபோக்கஸ் புள்ளி மட்டும். வியூஃபைண்டர் (கண்ணு வச்சுப் பாக்குற துளை) வழியா அஞ்சு படம். ஒவ்வொரு படத்துக்கு முன்னாடியும் ஃபோக்கஸைக் கலைச்சு விடுங்க. அப்புறம் லைவ் வியூவுக்கு (பின்திரையைப் பாத்து எடுக்குறது) மாத்தி அதே மாதிரி அஞ்சு. லைவ் வியூவுல கோடு பளிச்சுன்னு இருந்து, வியூஃபைண்டர்ல மட்டும் ஒரே பக்கமா முன்ன பின்ன போனா கண்ணாடியில குறை இல்லை. பாடியும் லென்ஸும் ஒத்துப்போகலை, அவ்வளவுதான். 1500டியில அதைத் திருத்துற வசதி கிடையாது. ரெண்டையும் சேத்து சர்வீஸ் சென்டர்ல கொடுத்துச் சரிபண்ணணும், இல்லைன்னா லைவ் வியூவுலயே எடுக்கணும்.

ரெண்டுலயும் மங்கலா? அப்ப நேரா ஒரு செங்கல் சுவரு முன்னாடி நில்லுங்க. எஃப் 5.6ல எடுத்து நாலு மூலையையும் பெருசாக்கிப் பாருங்க. மூணு மூலை தெளிவு, ஒண்ணு மட்டும் கலங்கல்னா உள்ள ஒரு கண்ணாடி சாஞ்சிருக்கு, எங்கயோ விழுந்திருக்கு. தெரிஞ்சே அதை அடுத்தவன் தலையில கட்டாதீங்க.

அனுப்பானடி: 50 வச்சுக்கலாமா?

பதில்: பாடி? இடம்? செல்லூருக்குச் சொன்னதைப் படிங்க.

சிம்மக்கல்: டி3500ல 50 எஃப் 1.8 டி. ஆட்டோ ஃபோக்கஸ் வேலை செய்யலை, ரிப்பேரா?

பதில்: ரிப்பேர் இல்லை. டி வகை லென்ஸ்ல ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது, உங்க பாடியிலயும் கிடையாது. கையால திருப்பப் பிடிக்கலைன்னா வித்துட்டு மோட்டார் உள்ள ஜி வகை வாங்குங்க.

பழங்காநத்தம்: 50ஐ ரெண்டு வருசம் கழிச்சு எடுத்தேன். உள்ள ஓரத்துல சிலந்தி வலை மாதிரி இருக்கு.

பதில்: பூஞ்சை. செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் காட்டி முன்பக்கம் வழியா சாய்வா பாருங்க. ஓரத்துல ரெண்டு இழைன்னா படத்துல தெரியவே தெரியாது. நடுவுல படர்ந்திருந்தா வெளிச்சத்துக்கு எதிரா எடுக்குற படம் வெளுத்துப்போகும். நாளாக நாளாக மேல்பூச்சை அரிச்சிரும், அதுக்கப்புறம் துடைச்சாலும் தடம் போகாது. கிளீனிங் கூலி கேளுங்க. பழைய 50 ஒண்ணு விக்கிற விலையில பாதியைத் தாண்டுனா செலவு பண்ணாதீங்க.

தூசியைப் பாத்துப் பயந்து விக்க வர்றவங்களுக்கும் சேத்துச் சொல்றேன்: உள்ள நாலு தூசி இருந்தா ஒண்ணும் ஆகாது.

பையோட பீரோவுல வச்சுப் பூட்டாதீங்க. மதுரை காய்ஞ்ச ஊருதானேன்னு ஏமாறாதீங்க, ஐப்பசி, கார்த்திகையில இதே பீரோ ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். மூடி இறுகுற பிளாஸ்டிக் டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர். 40ல இருந்து 50 சதவீதத்துல நிக்கணும். அரிசி வேணாம், மாவுத்தூசி உள்ள போகும்.

திருநகர்: கிராப் பாடியில (சின்ன சென்சார் கேமரா) 50 எஃப் 1.8 நெசத்துல 1.5ஆல பெருக்குனா 75 எஃப் 2.7. வெளிச்சமும் குறைச்சல்தான். 1.8னு சொல்லி ஏமாத்துறாங்க. நான் வித்துட்டேன்.

பதில்: பாதி சரி, பாதி தப்பு. சென்சாரோட ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர்லயும் விழுற வெளிச்சம் எந்த பாடியிலயும் ஒண்ணுதான். ஃபுல்ஃபிரேம்ல (பெரிய சென்சார் கேமரா) ஷட்டர் 1/100 நொடி, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற அளவு) 800, எஃப் 1.8 சரியா வந்தா கிராப்லயும் அதே எண்தான். பின்னணி கரையிறது மட்டும்தான் நீங்க சொல்ற 2.7 கணக்கு.

திருநகர்: அப்ப கிராப்ல கிரெய்ன் (படத்துல புள்ளி புள்ளியா) ஏன் கூட வருது?

பதில்: சென்சார் சின்னது. ஃபுல்ஃபிரேமோட பரப்பு 2.25 மடங்கு, மொத்த வெளிச்சம் அந்த அளவு கூட. அது பாடி சமாச்சாரம், லென்ஸை வித்தா தீராது. உங்களுக்கு உருப்படியான கணக்கு இது: கிட் லென்ஸ் 55ல எஃப் 5.6. அதைவிட 1.8ல வெளிச்சம் ஒன்பதரை மடங்குக்கு மேல. மண்டபத்துல கிட் ஐ.எஸ்.ஓ. 6400 கேக்குற இடத்துல 50க்கு 640, 800 போதும். அதை வித்துட்டீங்க.

ஆனையூர்: குறுக்க வர்றேன். 75 ஆகுதுன்னா முகம் 85ல எடுத்த மாதிரி தட்டையா வரணுமே?

பதில்: முகம் எப்படித் தெரியும்ங்கிறதை நிக்கிற தூரம்தான் முடிவு பண்ணும், லென்ஸ் இல்லை. அஞ்சு அடியில நின்னு 35ல ஒண்ணு, 50ல ஒண்ணு எடுங்க. 35 படத்தை 50 அளவுக்கு வெட்டிப் பாருங்க. மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதம் ரெண்டுலயும் ஒண்ணுதான். 75ஆல நல்லா வருதுன்னு தோணுறது ஏன்னா, ஃபிரேமை நிரப்ப நீங்க தள்ளி நிக்கிறீங்க.

திருநகர்: யூடியூப்ல வேற மாதிரி சொல்றாங்களே.

பதில்: அந்த ரெண்டு படத்தையும் எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசுவோம். இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சது.

அலங்காநல்லூர்: ஜல்லிக்கட்டுக்கு 85 எஃப் 1.8 வச்சுக்கலாமா? டி7500.

பதில்: கேலரியில 20 மீட்டர் தள்ளி இருந்தா 85ல ஃபிரேம் அகலம் 5.5 மீட்டர். மாடும் வீரரும் பாதிக்கும் குறைவாத்தான் நிப்பாங்க. பட்டப்பகல் வெயில்ல 1.8 தேவையும் இல்லை. 70-300 எடுத்துட்டு, ஷட்டர் 1/1000க்குக் கீழ இறக்காதீங்க. 85ஐ விக்க வேணாம், அது கல்யாணப்பொண்ணு முகத்துக்கு ஆகும்.

தல்லாகுளம்: சித்திரைத் திருவிழாவுல, ராமராயர் மண்டபம் பக்கம் அழகருக்குத் தண்ணி பீய்ச்சும்போது 50 எஸ்.டி.எம். தாங்குமா?

பதில்: தாங்காது. அதுல தண்ணி புகாத ரப்பர் கிடையாது. நிக்கான் 50 ஜியில மவுன்ட்ல (பாடியில மாட்டுற இடம்) ஒரு ரப்பர் வளையம் உண்டு, அதுவும் பீய்ச்சுற தண்ணிக்குப் போதாது. பிளாஸ்டிக் கவர்ல ஓட்டை போட்டு ரப்பர்பேண்ட் மாட்டுங்க. எஸ்.டி.எம்.ல முன்குழாய் ஃபோக்கஸுக்கு வெளிய நீளும். கூட்டத்துல முட்டுனா பல்சக்கரம் போயிரும். ஹூட் மாட்டுங்க, ஆஃப் பண்றதுக்கு முன்னாடி குழாயை உள்ள இழுத்துருங்க. நனைஞ்சா துடைச்சு டப்பாவுல வைங்க, பீரோவுல இல்லை.

வில்லாபுரம்: சார், 50 மங்கலா இருக்கு, வித்துறலாமா?

பதில்: பேப்பர், 45 டிகிரி, லைவ் வியூ. திருமங்கலத்துக்கு எழுதியிருக்கேன். மூணாவது தடவை எழுத மாட்டேன்.

மேலூர்: பழைய ஹீலியாஸ் 44-2 கிடைச்சிருக்கு. நிக்கான்ல தூரம் ஃபோக்கஸ் ஆகலை.

பதில்: ஆகாது. ஹீலியாஸ் மாதிரி எம்42 லென்ஸுக்கு (திருகி மாட்டுற பழைய வகை) மாட்டுற இடத்துல இருந்து சென்சார் 45.46 மில்லிமீட்டர்ல இருக்கணும், நிக்கான்ல 46.5. கிட்டத்துப் பூவுக்கு, முகத்துக்கு வச்சுக்கங்க. கேனான் டி.எஸ்.எல்.ஆர்.ல 44தான், அடாப்டர் போட்டா தூரமும் வரும்.

செல்லூர்: அண்ணே, மறுபடி நான்தான். எக்சிஃப் பாத்தேன். முக்காவாசி 18ல இருந்து 28. 50 பக்கம் பத்துக்கு ஒண்ணுகூட இல்லை.

பதில்: அப்ப வித்துருங்க. 35 எஃப் 1.8 ஜி வாங்குங்க, டி.எக்ஸ்.னு (நிக்கான் கிராப் பாடிக்கானது) எழுதியிருக்குறது. 1 அடி கிட்டத்துல ஃபோக்கஸ் ஆகும், அந்த உதடு பிதுங்குறதுக்கும் பக்கத்துல போகலாம். பழசு வாங்குனா டார்ச்சும் ஒரு பேப்பரும் கையோட கொண்டுபோங்க.