எதிராளி ஆடுமுன்பே நகர்வைக் குறித்து வைக்கலாமா?

கேள்வி: ஐயா, அலுவலகம் விட்டு வந்ததும் நானும் என் மகளும் இணையத்தில் 1 நிமிடச் சதுரங்கம் ஆடுவது வழக்கம். எதிராளி யோசிக்கும்போதே என் அடுத்த நகர்வைக் குறித்து வைக்கும் ‘ப்ரீமூவ்’ வசதியால் நேரம் மிச்சமாகிறது. ஆனால் காய்கள் வீணாகப் பறிபோகின்றன. இது நேர்மையான ஆட்டமே அல்ல என்கிறாள் மகள். எங்கே இதைப் பயன்படுத்தலாம்?
- ஒரு வாசகர், செம்பூர், மும்பை

பதில்: நேர்மை பற்றிய ஐயம் வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். நேரில் பலகையில் ஆடும்போது எதிராளி ஆடி முடித்த பிறகே நாம் காயை நகர்த்த முடியும். இணையத்திலோ இந்த வசதி இருவருக்கும் பொதுவானது. லிசெஸ் தளத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு நகர்வைக் குறித்து வைக்கலாம், அதற்கு நேரம் கழிவதில்லை. செஸ்.காம் தளத்தில் பல நகர்வுகளை வரிசையாகக் குறிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 விநாடி கழியும். 40 நகர்வு ஆட்டத்தில் ஒரு நகர்வுக்கு ஒன்றரை விநாடியே கிடைக்கும் நிலையில் இது பெரிய சேமிப்புதான்.

குறித்து வைக்குமுன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: என் ஊகம் தவறினால் இந்த நகர்வு தானாக ரத்தாகுமா, அல்லது நடந்தே தீருமா? எஃப்6இல் (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும் கட்டப் பெயர்) உள்ள உங்கள் குதிரையை எதிராளியின் பிஷப் குறிவைத்திருக்கிறது என்று வையுங்கள். ஜி7 சிப்பாயால் எஃப்6இல் வெட்டுவதாகக் குறித்து வைத்தால், அவர் குதிரையை வெட்டிய கணமே நீங்கள் திருப்பி வெட்டிவிடுவீர்கள். அவர் வேறெதையோ ஆடினால், சொந்தக் குதிரையை வெட்ட முடியாதாகையால் உங்கள் நகர்வு ரத்தாகிவிடும். சிப்பாயால் திருப்பி வெட்டுவதைத் தயங்காமல் குறித்து வைக்கலாம். ராணியால் திருப்பி வெட்டுவதாக இருந்தால், எதிராளியின் எந்தக் காய் அங்கே வரும், அதற்குக் காவல் உண்டா என்று பார்த்தாக வேண்டும்.

காலியான கட்டத்துக்குப் போகும் நகர்வு, செக் முதலிய தடைகள் குறுக்கிட்டாலொழிய, நடந்தே தீரும். நீங்கள் கறுப்பு, வெள்ளை தன் சிப்பாயை டி4க்கு நகர்த்தியதும் நீங்கள் உங்கள் சிப்பாயை ஜி6க்கு ஆடிவிட்டு, பழக்கத்தில் பிஷப்பை ஜி7க்குக் குறித்துவிடுகிறீர்கள். அவர் தன் பிஷப்பை எச்6இல் கொண்டுவந்து வைக்கிறார். பார்த்து ஆடினால் சும்மா வெட்டிக்கொள்ளக்கூடிய பிஷப் அது. குறித்து வைத்ததாலோ உங்கள் பிஷப் ஜி7இல் போய் நின்று வெட்டுப்படும், மூலையிலிருக்கும் யானையும் அடுத்து மாட்டிக்கொள்ளும். உங்கள் காய்கள் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். 10 நகர்வுகள் முடியும்வரை, திருப்பி வெட்டுவதைத் தவிர வேறெதையும் குறிக்காமல் ஆடிப் பாருங்கள்.

ஆட்டக் கடைசியில், எதிராளியிடம் ராஜா மட்டும் எஞ்சி, உங்களிடம் ராஜாவும் யானையும் 4 விநாடியும் இருக்கும்போது இந்த வசதி இன்றியமையாதது. நேரம் தீர்ந்தால், அவரிடம் மேட் செய்யக் காய் இல்லாததால், வெல்ல வேண்டிய ஆட்டம் டிராவாகிவிடும். அப்போதும் அவருடைய ராஜாவுக்கும் உங்கள் யானைக்கும் இடையில் இரண்டு கட்டங்களாவது காலியாக இருந்தால் மட்டுமே உங்கள் ராஜாவின் நகர்வைக் குறித்து வையுங்கள். அதைவிட நெருங்கியிருந்தால், அவர் யானையின் பக்கத்தில் வந்து நிற்பார், நீங்கள் குறித்த ராஜா நகரும், அடுத்த நகர்வில் யானை போய்விடும். யானைக்குப் பதில் ராணி இருந்தால் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே அவருக்கு ஆட நகர்வு எதுவும் இல்லாமல் போய் ஆட்டம் டிராவாவது) ஆபத்து இன்னும் அதிகம் என்பதால், அவருடைய ராஜா ஓரத்துக்கு வந்த பிறகு குறித்து வைப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நகர்வையும் பார்த்தே ஆடுங்கள்.