பொட்டு தெரியவில்லை, மீன் மட்டும் சாகிறது

கேள்வி: ஐயா, வேதாளையில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, 500 லிட்டர் சிமெண்ட் தொட்டி நான்கில் கோமாளி மீன் குஞ்சு வளர்க்கிறேன். நான்கு நாளாக ஒரு தொட்டியில் மீன் இரை எடுக்கவில்லை. காற்றுக்கல் பக்கம் கூடி நின்று வாயை வாயைத் திறக்கிறது. நேற்று 30, இன்று காலை 42 செத்துவிட்டன. வெள்ளைப் பொட்டு எதுவும் தெரியவில்லை. கடையில் நீல மருந்தும் டெட்ராசைக்ளின் மாத்திரையும் கொடுத்தார்கள். எத்தனை சொட்டு, எத்தனை மாத்திரை போடலாம்? போன வாரம் முக்குளிக்கிறவரிடம் வாங்கிய இரண்டு பெரிய மீனும் அதே தொட்டியில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு ஒன்றும் இல்லை.

பதில்: தம்பி, இரண்டையும் போடாதீர்கள். போட்டிருந்தால் பாதித் தண்ணீரை இப்போதே மாற்றிவிட்டு மேலே படியுங்கள்.

இன்று ராத்திரி கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்து மீனைப் பாருங்கள். தோல்மேல் பூந்தாது தூவினமாதிரி மங்கலான பொன்னிறப் பொடி தெரிந்தால் அது வெல்வெட் நோய், அமைலோடினியம் என்ற ஒட்டுண்ணி. உப்புக்கல் அளவுக்குத் தனித்தனி வெள்ளைப் பொட்டு இருந்தால் கிரிப்டோகாரியான் என்ற வேறொரு ஒட்டுண்ணி. தோல் சளிபோல உரிந்து தொங்கினால் புரூக்ளினெல்லா என்ற மூன்றாவது ஒட்டுண்ணி. அதற்கு வைத்தியமே வேறு. நீங்கள் சொல்வதில் முதலாவதுதான் தெரிகிறது. அது செவுளில்தான் முதலில் உட்காரும். உடம்பில் தெரிவதற்குள் மீன் மூச்சுக்குத் திணறும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், செத்து அரை மணிக்குள் இருக்கிற மீனின் செவுளில் ஒரு துணுக்கை வெட்டி, ஒரு சொட்டுக் கடல் தண்ணீரோடு கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். பழுப்பாக, பேரிக்காய் வடிவில் அசையாமல் ஒட்டியிருந்தால் வெல்வெட். உருண்டு உருண்டு சுற்றினால் கிரிப்டோகாரியான். மைக்ரோஸ்கோப் இல்லாவிட்டால் மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துப் போய்க் கேளுங்கள், உங்களுக்குப் பக்கம்தான்.

உயிரோடு இருக்கிற மீனுக்கு முதலில் நல்ல தண்ணீர்க் குளியல், அதாவது உப்பில்லாத தண்ணீரில். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். ராத்திரி முழுக்கக் காற்று விட்டு, சமையல் சோடா கலந்து காரத்தன்மையைத் தொட்டி அளவுக்குக் கொண்டுவாருங்கள். சூடும் ஒன்றாக இருக்க வேண்டும். அதில் 3 முதல் 5 நிமிடம். மீன் கொஞ்சம் சாய்ந்து படுக்கும், பயப்பட வேண்டாம். துடித்துப் புரண்டால் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். ஒட்டியிருப்பதில் ஒரு பங்கு ஊதி உதிரும், மீனுக்கு மூச்சு வரும். ஆனால் இதோடு நோய் தீராது.

தீர்ப்பது செம்பு. சிமெண்ட் தொட்டியிலேயே போடாதீர்கள். சிமெண்டும், அடியில் போட்ட சிப்பியும் பவளக்கல்லும் செம்பை இழுத்துக்கொள்ளும். வெறும் பிளாஸ்டிக் தொட்டிக்கு மீனை மாற்றுங்கள். ஆய்வகத் தரமான மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்ற செம்பு உப்பு) 3 கிராமை ஒரு லிட்டர் வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) கரைத்தால், அதில் 100 மில்லி 500 லிட்டருக்குப் போதும், லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் செம்பு வரும். பாதியை இன்று, பாதியை நாளை. செம்புச் சோதனைக் கிட் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. காலையும் மாலையும் அளந்து 0.15க்கும் 0.20க்கும் நடுவில் 3 வாரம் நிறுத்துங்கள். தினம் கால் பங்கு தண்ணீர் மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் செம்பு சேருங்கள். கடல் சாமந்தி, ரோடிஃபர் (குஞ்சுக்கு இரையாகும் நுண்ணுயிர்), பாசி வளர்ப்பு பக்கம் அந்த வாளியோ கையோ போகக்கூடாது. செம்பு அவற்றைக் கொன்றுவிடும்.

கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். டெட்ராசைக்ளின் பாக்டீரியாவுக்கானது, உங்கள் மீனைத் தின்பது ஒட்டுண்ணி. அதுவும் கடல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மீனுக்குச் சேராமல், வடிகட்டியில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கெடுத்து அம்மோனியாவை ஏற்றுவதுதான் மிச்சம். நீல மருந்தும் வடிகட்டிக்கு ஆகாது. செவுளைப் பார்க்காமல் பாட்டில் நீட்டுகிறவர் வைத்தியர் இல்லை, வியாபாரி. எந்த நோயைச் சொன்னாலும் அதே இரண்டு பொருளைத் தருகிற கடைகளை நான் 20 வருஷமாகப் பார்க்கிறேன்.

"எத்தனை சொட்டு" என்று கேட்டீர்கள். "இது எப்படி உள்ளே வந்தது" என்று கேட்டிருக்க வேண்டும். அந்த இரண்டு பெரிய மீனோடுதான் வந்திருக்கும். கடலில் பிடித்த மீன் ஒட்டுண்ணியைக் கொஞ்சமாகச் சுமந்துகொண்டு நன்றாகவே திரியும். உங்கள் குஞ்சு அதை ஒருபோதும் கண்டதில்லை. செவுளிலிருந்து விழும் ஒரு ஒட்டுண்ணி அடியில் கூடுகட்டி 256 வரை பிளந்து நீந்தும். நெருக்கி வளர்க்கிற தொட்டியில் வேறு என்ன நடக்கும்?

எங்கிருந்து வந்தாலும், யார் கொடுத்தாலும், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், புது மீன் 30 நாள் தனித் தொட்டியில். அந்தத் தொட்டி பத்தடி தள்ளி இருக்கட்டும். காற்றுக்கல் குமிழி தெறிக்கும் துளியிலேயே இது பக்கத்துத் தொட்டிக்குப் போகும். அதற்கென்று தனி வலை, தனி வாளி, தனிக் குழாய். காலையில் மற்ற தொட்டி வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக அதன் பக்கம் போங்கள். ஒரே ஒரு ஈர வலையால் என்னுடைய மூன்று தொட்டி ஒரு வாரத்தில் காலியானது. அன்றிலிருந்து வலைக்காம்புக்குச் சிவப்பு, பச்சை பெயிண்ட் அடித்துப் பிரித்து வைத்திருக்கிறேன். தனித் தொட்டிக்கு இடம் இல்லை என்பவரிடம் நான்கு தொட்டியை மூன்றாக்கு என்றுதான் சொல்வேன்.

மற்ற மூன்று தொட்டியையும் இன்றே டார்ச் அடித்துப் பாருங்கள். நோய் வந்த சிமெண்ட் தொட்டியை வடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, ஒரு வாரம் வெயிலில் காயவிடுங்கள். வேதாளை வெயில் அதற்குப் போதும்.

பிழைத்த மீனைச் செம்பு முடிந்ததும் சென்னை கொளத்தூர் அலங்கார மீன் சந்தைக்கு ஏற்றிவிடாதீர்கள். இன்னும் 30 நாள் சாதாரணக் கடல் தண்ணீரில் வைத்து, இரை எடுக்கிறதா, செவுள் ஒரே சீராக அசைகிறதா என்று பாருங்கள். அந்த இரண்டு பெரிய மீனையும் இவற்றோடேயே செம்பில் போடுங்கள். நன்றாகத்தானே இருக்கின்றன என்று விட்டுவிட வேண்டாம்.