ஃபாக் லைட்டில் மஞ்சள் ஃபிலிம் ஒட்டியதற்கு ஐயாயிரமா?

கேள்வி: எனக்கு வேலை கோவையில், அப்பா அம்மா குன்னூரில். வாராவாரம் காரில் மலை ஏறி இறங்குகிறேன். பர்லியார் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கிவிட்டால் வெள்ளை வெளிச்சம் என் கண்ணிலேயே திரும்ப அடிக்கிறது. அதனால் ஆன்லைனில் மஞ்சள் ஃபிலிம் வாங்கி, ஹேர் டிரையர் சூட்டில் வீட்டிலேயே ஃபாக் லைட் கண்ணாடி மேல் ஒட்டினேன். போன மாதம் மேட்டுப்பாளையம் பக்கம் மாலை நேரச் சோதனையில் நிறுத்தி, "வண்டியை ஆல்டர் பண்ணியிருக்கீங்க" என்று 5,000 ரூபாய்க்கு இ-சலான் போட்டுவிட்டார்கள். கட்டிவிடுவதா, வழக்காடுவதா? நாளைக்கு இன்சூரன்ஸில் இடிக்குமா? தம்பி வேறு ஹெட்லைட்டுக்கும் ஒட்டலாம் என்கிறான்.

பதில்: மஞ்சள் நிறம் குற்றமில்லை. இந்தியாவில் வண்டி விளக்குகளுக்கான ஏ.ஐ.எஸ். 008 தரநிலையே முன்பக்க ஃபாக் லைட் வெள்ளையாகவோ குறிப்பிட்ட வகை மஞ்சளாகவோ இருக்கலாம் என்கிறது. அந்த மஞ்சள் எலுமிச்சைப் பழ நிறம். நீங்கள் வாங்கிய ஃபிலிம் அடர்த்தியாக இருந்து வெளிச்சம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்துவிட்டால் அது இண்டிகேட்டரின் நிறமாகிவிடும், அப்போது இந்த வாதம் கையை விட்டுப் போய்விடும். இன்றைக்கு இரவே ஒரு வெள்ளைச் சுவரின் முன் வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, சலானில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். எல்லோரும் தொகையைப் பார்த்துப் பதறுகிறார்களே தவிர பிரிவைப் படிப்பதில்லை. 5,000 என்றால் பெரும்பாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) ஆகத்தான் இருக்கும். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு இது. சட்டமும் விதிகளும் அனுமதிக்காத வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். (ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்றால் இரண்டு விளக்குக்கும் சேர்த்துப் பத்தாயிரமா என்று கேட்காதீர்கள், அந்த யோசனையை நாமே அவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டாம்.)

ஆனால் "மாற்றம்" என்றால் என்ன? பிரிவு 52-இன் விளக்கத்தில், வண்டியின் அமைப்பில் செய்யும் மாற்றத்தால் அதன் அடிப்படை அம்சமே மாறினால் அதுதான் மாற்றம் என்று இருக்கிறது. பெட்ரோல் வண்டியை கேஸுக்கு மாற்றுவது, பாடியை வெட்டி நீட்டுவது எல்லாம் அந்த வகை. உரித்தால் கையோடு வந்துவிடுகிற ஒரு ஃபிலிமால் உங்கள் காரின் எந்த அடிப்படை அம்சம் மாறியது? ஆர்.சி. புத்தகத்தில் ஃபாக் லைட்டின் நிறத்துக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. உங்கள் வலுவான வாதம் இதுதான்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது, அதை எடுத்துக் காட்டுவார்கள். அதைவிட எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. ஃபாக் லைட்டுக்குக் கண்ணாடி, பிரதிபலிப்பான், பல்பு எல்லாம் சேர்ந்துதான் ஒரே ஒப்புதல் கிடைக்கிறது, கண்ணாடி மேல் நீங்கள் ஒட்டிய ஃபிலிம் அந்த ஒப்புதலுக்குள் வராது. 182ஏ(4) உதிரிபாகங்களைப் பொருத்துவதையும் சேர்த்தே பேசுவதால், "இதுவும் அனுமதியில்லாத மாற்றம்தான்" என்று ஒருவர் வாதாட இடம் இருக்கிறது. பலவீனமான வாதம் என்றே நினைக்கிறேன், ஆனாலும் கட்டாயம் ஜெயிப்பீர்கள் என்று சொல்லி உங்களை நீதிமன்றப் படி ஏற்ற மாட்டேன்.

இன்னொரு சிக்கல், உங்களை நிறுத்தியது மலைக்குக் கீழே, மாலையில். பனி இல்லாத சமவெளியில் ஃபாக் லைட் எரிந்துகொண்டிருந்ததா? ஆமென்றால் மத்திய மோட்டார் வாகன விதி 106 குறுக்கே வரும். விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்கக் கூடாது என்பது விதி. வெறும் 177-ஆம் பிரிவில் இதற்குப் போட்டிருந்தால் முதல் முறைக்கு 500 ரூபாய் வரைதான், பேசாமல் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

182ஏ(4) என்றால் ஃபிலிமை உரிப்பதற்கு முன் பகலிலும் இரவிலும் படம் எடுத்து வையுங்கள், வாங்கிய பில்லும் இருக்கட்டும். அப்புறம் உரித்துவிடுங்கள், உரித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஸ்பாட் ஃபைன் என்பது வழக்கை அங்கேயே முடித்துக்கொள்ளச் சட்டம் தரும் வாய்ப்பு, கட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டாத சலான் மெய்நிகர் (ஆன்லைன்) நீதிமன்றத்துக்குப் போகும்போது, வழக்காட விரும்புவதாக அந்தத் தளத்திலேயே பதியலாம், பிறகு அது மாஜிஸ்திரேட் முன் வரும். கோவையிலிருந்து அலைச்சல், லீவு, என்னைப் போன்ற ஒரு வக்கீலுக்குக் கட்டணம் எல்லாம் கூட்டினால் ஐயாயிரத்தைத் தாண்டிவிடும் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். "மாற்றம் செய்தவர்" என்ற பதிவு உங்கள் பேரில் இருக்கக் கூடாது என்று நினைத்தால் மட்டும் போராடுங்கள்.

ஃபிலிம் என்றாலே காவலர்கள் உஷாராவதற்கு ஒரு காரணம் உண்டு. 2012-இல் உச்ச நீதிமன்றம் கார் ஜன்னல்களில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்றது, அந்த ஞாபகம் இன்னும் போகவில்லை. அது ஜன்னல் கண்ணாடி பற்றிய தீர்ப்பு, விளக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்சூரன்ஸ் விஷயத்தில், மூன்றாம் நபருக்குத் தர வேண்டிய இழப்பீட்டை இந்த ஃபிலிமைக் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது, பிரிவு 150 அதற்கு அனுமதிக்கும் காரணங்கள் மிகக் குறைவு. உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளெய்மில் சர்வேயர் ஒரு வரி எழுதி வைக்கலாம். விபத்துக்கும் விளக்குக்கும் தொடர்பில்லை என்றால் அது பெரிதாக நிற்காது. இரவில், மூட்டத்தில், எதிரே வந்த வண்டியோடு மோதல் என்றால் கதை வேறு, இழுத்தடிப்பார்கள்.

தம்பியிடம் ஹெட்லைட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைக்கும், அதில் எனக்கு எந்த வாதமும் கிடைக்காது. டெயில் லைட்டைக் கறுப்பாக்குவது அதைவிட மோசம், பின்னால் வருகிறவன் பிரேக் போட வேண்டியதே அதைப் பார்த்துத்தான்.

மஞ்சள்தான் வேண்டுமென்றால், கம்பெனி கொடுத்த பல்பின் அதே வகை, அதே வாட்டில் மஞ்சள் பல்பு கிடைக்கிறது. இல்லையென்றால் ஒப்புதல் முத்திரையோடு வரும் மஞ்சள் ஃபாக் லைட்டையே மாட்டுங்கள், வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்து கண்ணாடியில் பதிந்திருக்கும். ஒயரை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள், வாரண்டிக்காரர்களுக்கு அது போதும். நிறத்தைவிட, விளக்கு தாழ்வாக இருந்து வெளிச்சம் அகலமாகத் தரையோடு பரவுவதுதான் மூட்டத்தில் உதவுகிறது. ஃபாக் லைட்டின் கோணம் மேலே தூக்கியிருந்தால் எந்த நிறமும் கண்ணில்தான் திரும்ப அடிக்கும், அதை ஒரு மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். சலானில் உள்ள பிரிவு நான் சொன்ன இரண்டும் இல்லை என்றால், அந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள்.